ஆறாவது என்றால் பன்னிரண்டு

வீசைக்கு நாற்பது பலம் என்பதை ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? யாரும் என்னைக் கேட்கவில்லை. சென்னையிலிருந்து கப்பலேறி வந்த கணக்குப் புத்தகத்தில் அப்படி இருந்தது, நானும் அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப்போட்டேன். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அரிசியைக் கட்டி என்ற உள்ளூர் எடையில் நிறுத்தார்கள், மிளகாயைக் கட்டியில் பதினாறில் ஒரு பங்கான தைலில் நிறுத்தார்கள். வீசைக்கல்லைக் கண்ணால் பார்த்த பிள்ளை அந்தத் தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் குனிந்து சிலேட்டில் எழுதிக்கொண்டது. ஒரு பெண்ணின் கை மட்டும் மேலே போனது.

"டீச்சர், ஒரு வீசன்னா நம்ம கட்டில எவ்ளோ?"

எனக்குத் தெரியாது. வார இறுதியில் பட்டணத்துப் பக்கம் தெங்கேராவில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனபோது, மளிகைக்கடை வைத்திருந்த என் சித்தப்பாவைக் கேட்டேன். இரண்டேகால் கட்டிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்றார். திங்கட்கிழமை வந்து அதையே அவளிடம் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"அந்தக் கொஞ்சம் எவ்ளோ டீச்சர்?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இவளை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக வேலை பார்க்கப்போவதில்லை என்று.

இப்போது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மீத்திறன் மாணவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரண வகுப்பில் அவர்களுக்காகப் பாடத்திட்டத்தை எப்படி மாற்றியமைப்பது என்று குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்னையும் ஒருமுறை மரியாதைக்கு அழைத்துப் போனார்கள். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, நல்ல பிள்ளை ஒருத்தர் விளக்கினார். எல்லாம் சரிதான். தேநீர் இடைவேளையில் நான் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டேன். அம்புக்குறிகள் எல்லாம் மேலே நோக்கியே இருந்தன, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் போலீஸ் கொட்டகை. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடுமாம். அதனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் இடுப்பில் ஒரு கைப்பிடி அரிசி வைத்திருந்தாலும் விலங்கு. கடையில் வாங்குகிற பால் டின்னைக் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சேர்த்து வைக்கக் கூடாது என்பதற்காக. ஊரடங்கு இருந்ததால் தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வாரம் முழுக்க அங்கேதான் தங்கினேன்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே கூடம். ஒரு பக்கம் ஒன்று முதல் மூன்று வரை நான். மறு பக்கம் நான்கு முதல் ஆறு வரை தலைமையாசிரியர். நடுவில் சுவர் கிடையாது. அவர் அந்தப் பக்கம் பூகோளம் சொன்னால் என் ஒன்றாம் வகுப்புக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெண் என்னிடம் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். வயது எட்டு. அவளோடு படித்தவர்கள் எல்லாரும் அவளைவிட ஒரு வயது மூத்தவர்கள். அவளுடைய அம்மா தனி ஆள், பால்மரம் வெட்டுகிறவர். இவள் வயிற்றில் இருந்தபோது அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான், அவர் திரும்பவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் இடமில்லாத ஒரு வருஷம், அம்மா இவளுக்கு ஏழு வயதாகிவிட்டது என்று சொல்லி ஆறு வயதிலேயே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பதிவேட்டில் எல்லாப் பிள்ளைக்கும் ஏழு என்றே எழுதுவது அங்கே வழக்கம், யாரும் சரிபார்ப்பதில்லை. வயது என்பது தோட்டத்தில் அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை, அப்போது.

நான் எழுதிப்போட்ட ஐந்து கணக்கையும், நான் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைப்பதற்குள் போட்டுவிடுவாள். பிறகு சும்மா இருப்பாள். சும்மா இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளையைப் போலப் பரிதாபமான காட்சி வகுப்பில் வேறு கிடையாது. கூரையைப் பார்க்கும், விரலைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் சடையைப் பார்க்கும். அவளை எழுப்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாம். எல்லா ஆசிரியரும் செய்கிற காரியம் அதுதான். எனக்கு அது பிடிக்காது. அவள் படிக்க வந்தவள், எனக்கு எடுபிடியாக வந்தவள் இல்லை.

அதனால் ஒரு வழி செய்தேன். எல்லாருக்கும் ஒரே பாடம், அவளுக்கு அதே பாடத்தில் வேறு வேலை. புத்தகத்துக் கணக்குகளை எல்லாம் எங்கள் ஊர்க் கணக்காக மாற்றித் தரச் சொன்னேன். காவிரிக்கரை வணிகர் விற்ற புளி, ரெம்பியா கடையில் கட்டிக் கணக்கில் விற்கும் கருவாடாக மாறியது. ஓட்டை போட்ட பால் டின்னையும் அவளே கணக்காக்கினாள். மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் பால் கெடுவதற்குள் தீருமா, ஒரு குழந்தை உள்ள வீட்டில் தீருமா, ஆக யாருக்கு நஷ்டம்? நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன். அதுவரை கணக்கென்றாலே தலையைச் சொறிந்த பிள்ளைகள்கூட அதற்குச் சண்டை போட்டுக்கொண்டு விடை சொன்னார்கள், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் கெட்டுப்போன பால் இருந்தது. அவள் ஒருத்திக்காகப் பாடத்தை மாற்றப் போய் வகுப்பே மாறியது. அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்லிக்கொள்வதற்கு என்ன வெட்கம்?

எல்லாம் சிலேட்டில்தான். மாலையில் ஈரத்துணியால் துடைத்து அடுக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். அவள் போட்ட கணக்கில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்வதைக் கேட்டு அவரை யாரும் திட்டிவிடக் கூடாது. நடுச்சுவர் இல்லாத கூடத்தில் அவர் காதிலும் அந்தப் பிள்ளையின் குரல் விழுந்துகொண்டுதானே இருந்தது. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது அவருக்கு. இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு பிள்ளைகூட ஆறாம் வகுப்பைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. சரசுவதி பூசையன்று பெற்றோர் எல்லாரும் வந்திருந்தபோது, பொரியும் கடலையும் கொடுத்து முடித்த கையோடு, இவளுக்கு டபுள் பிரமோஷன் என்று அறிவித்துவிட்டார். வருஷம் முடிந்ததும் நான்கில்லாமல் நேரே ஐந்து. கூட்டம் கைதட்டியது. டபுள் பிரமோஷன் என்றால் என்னவென்று அவளுடைய அம்மா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அழுதார்.

நான் அவரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். வயதொத்த பிள்ளைகளோடு இருக்கட்டும், அவளுக்கு வேண்டியதை நான் கொடுக்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"தெரிஞ்சதையே திரும்பப் படிக்க வச்சா அந்தப் புள்ளைக்குப் படிப்பே வெறுத்துப் போயிரும்மா. மேல தூக்கி விட்ருவோம். நம்மளால அதுக்குச் செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்றைக்கும் குளிரூட்டிய அறையில் இந்த இரண்டு கட்சிக்கும்தான் விவாதம் நடக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கொசு கடிக்கிற வராந்தாவில் நின்று பேசினோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் கூடத்தின் அந்தப் பக்கம் போனாள். ஐந்தாம் வகுப்புப் பாடமும் அவளுக்கு ஆறேழு மாதம்கூடத் தாங்கவில்லை. தலைமையாசிரியருக்கு மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கவே நேரம் போதாது. அவளுக்கென்று தனி வேலை யோசிக்க அவரால் முடியவில்லை. பார்க்க யாராவது வந்தால் எழுப்பிப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வைப்பார். அவள் சொல்வாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியே ஆறாம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

அந்த வருஷம்தான் அடையாளக் கார்டு எடுக்கிற லாரி மறுபடியும் தோட்டத்துக்கு வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் எல்லாரும் கார்டு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டி வந்த தோட்டத்தில் பிறப்புப் பத்திரம் யாரிடம் இருக்கிறது? புதிதாகக் கார்டு எடுக்க வேண்டிய பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதிகாரிகள் கேட்டார்கள். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி சுலபமான வழி சொன்னார். ஆறாம் வகுப்பை அனுப்பிவிடுங்கள். ஆறாவது என்றால் பன்னிரண்டு. எங்கள் தோட்டத்தில் மட்டும் என்றில்லை, சுங்கை ரம்பாய் வரைக்கும் எல்லாத் தோட்டத்திலும் இதுதான் பேச்சு. பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டால் எத்தனையாவது படிக்கிறது என்றுதான் பதில் வரும்.

தலைமையாசிரியர் ஆறாம் வகுப்பை வரிசையாக நிறுத்தித் திடலுக்கு நடத்திக்கொண்டு போனார். வரிசையில் கடைசியாக, மற்றவர்களின் தோள் உயரத்துக்கு அவள் போனாள். மேசையிலிருந்த ஆள் எத்தனையாவது என்று கேட்டிருக்கிறான். ஆறாவது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சத்தமாகச் சொல்லியிருப்பாள். பன்னிரண்டா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். காக்கிச்சட்டை என்ன கேட்டாலும் ஆமாங்கய்யா என்று சொல்லப் பழகியவர் அவர். ஆமாங்கய்யா என்றிருக்கிறார். பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, கட்டைவிரலில் மை தடவி அழுத்தி, முடித்துவிட்டார்கள்.

கார்டு கைக்கு வந்த அன்று அம்மாவே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறந்த வருஷத்தைப் படித்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இதனால் என்ன நடக்கும் என்று அப்போதே முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நல்லதில்லை என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். ஆறாம் வகுப்பு முடிந்தது. அதற்குமேல் தோட்டத்தில் படிப்பு இல்லை. கையில் கார்டு இருப்பவர் வேலைக்கான ஆள், வேலைக்கான ஆள் வேலை செய்யாமல் தோட்டத்து வீட்டில் இருக்க முடியாது. விடியற்காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் கங்காணி அவள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். புல்வெட்டுக் கும்பலில் போட்டார்கள். டபுள் பிரமோஷன் கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்து, இன்னும் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வேகமாகப் படித்ததற்குக் கிடைத்த பரிசு, படிப்பு வேகமாக முடிந்துபோனதுதான்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. தெங்கேரா பக்கம் பெண்கள் ஆங்கிலப் பள்ளி ஒன்று இருந்தது. தமிழ்ப் பள்ளியில் படித்து வருகிறவர்களை ஒரு தனி வகுப்பில் சேர்த்து, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து மேலே அனுப்புவார்கள். பரீட்சை வைப்பார்கள். பதினொரு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. தங்குவதற்கு எங்கள் வீடு இருக்கிறது, என் அம்மா சம்மதித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை அவளையும் அவளுடைய அம்மாவையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிக் கார்டு பார்த்தார்கள். அவளும் பெரிய மனுஷி மாதிரி எடுத்து நீட்டினாள்.

தலைமையாசிரியை சீன அம்மா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் மொழிபெயர்த்தேன். கணக்குகள் கொடுத்தார். அவர் பேனாவை மூடுவதற்குள் தாள் திரும்பி வந்தது. இன்னும் கடினமாகக் கொடுத்தார். அதுவும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தில் நான் பார்த்தது, வீசைக் கேள்வியன்று என் முகத்தில் இருந்திருக்கக் கூடியது. பிறகு கார்டைக் கேட்டார். வாங்கிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. பன்னிரண்டு முடிந்துவிட்டதே என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். என் பக்கம் திரும்பி, நான் அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நான் வயித்துல இருக்கறப்பதான் எங்கப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனான். கார்டுல உள்ள வருஷத்துல ஜப்பான்காரன் இந்த ஊருக்கே வரல. அப்ப கார்டுதான் தப்பு."

மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மா கணக்கைத் தன் மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தார், அது தெரிந்தது. சரிதான் என்றார். குழந்தை சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கார்டில் இருப்பதை மீறி அவரால் சேர்க்க முடியாது. கார்டை மாற்ற வேண்டுமென்றால் போலீசுக்குப் போக வேண்டும். தவறான வயதைச் சொல்லிக் கார்டு வாங்கினது யார் என்று முதல் கேள்வி வரும். இதைச் சொல்லிவிட்டு அவர் எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். யாரும் குடிக்கவில்லை.

அப்படியே போலீசுக்கும் போய்விடுவோம் என்று நான் சொன்னேன். அவளுடைய அம்மா ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"வேணாம் டீச்சரம்மா. பக்கத்துத் தோட்டத்துல என்னமோ விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போயி, குடும்பத்தோட நம்ம தாத்தா காலத்து ஊருக்கே கப்பல் ஏத்திட்டாங்க. எனக்கு அந்த ஊர்ல யாரு இருக்கா? ஆமான்னு சொன்னது நான்தானே."

பஸ் நிற்கும் இடத்துக்கே திரும்பி நடந்தோம். அவர் பயந்தது வெறும் பயம் இல்லை. அந்த நாட்களில் கார்டு பொய் என்று சொல்லிக்கொண்டு தானாகப் போலீஸ் வாசலில் ஏறுகிறவர் யார்? திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

சில நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு அவள் வந்தாள். புல்வெட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு, கையெல்லாம் லாலாங் புல் அறுத்த கீறல். உள்ளே வரலாமா என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், பெயிலானவங்கள அதே வகுப்புல திரும்ப ஒக்கார வைப்பீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப என்னைய மூணாவது பெயிலாக்கிருங்க டீச்சர். ஆறாவதுன்னா பன்னெண்டுன்னு போட்டாங்கல்ல? மூணாவதுன்னா ஒம்பதுன்னுதான் போடணும். ஒம்பது வயசுக்குக் கார்டு கெடையாது. அவங்களே வாங்கிக்குவாங்க. போலீசுக்குப் போவ வேணாம்."

அவர்கள் போட்ட சட்டத்தை வைத்தே அவர்களை மடக்கியிருந்தாள். ஓட்டை எங்கேயும் இல்லை. உலகம் கணக்கு மாதிரி நடக்கும் என்று நம்பினாள், அதில் மட்டும்தான் அவளுக்குத் தப்பு நேர்ந்தது. அதை நான் அவளுக்கு எப்படிச் சொல்வேன்? கணக்கை நம்பச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

நான் குனிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்ததை அவள் தயக்கம் என்று எடுத்துக்கொண்டாள். சும்மா ஆக்க வேண்டாம், பரீட்சை வைத்தே ஆக்குங்கள் என்றாள். அலமாரியிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பெஞ்சில், அவளுடைய பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். கரும்பலகையில் அன்றைய கணக்குகள் அழிக்கப்படாமல் இருந்தன. பார்த்து எழுதினாள். எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஐந்தும் தப்பு. நான் திருத்திக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பதினெட்டு வர வேண்டிய இடத்தில் இருபது இருந்தது. முப்பத்தைந்து வர வேண்டிய இடத்தில் முப்பத்தேழு. எல்லா விடையிலும் இரண்டு கூட. கார்டில் அவளுக்குக் கூடிப்போன வருஷங்கள் எவ்வளவோ அவ்வளவு. அவள் வேண்டுமென்று செய்தாளா, தானாக வந்ததா, நான் கேட்கவில்லை. எதுவானாலும், தப்பாகப் போடுவதற்கு அவள் ஒவ்வொரு கணக்கையும் முதலில் சரியாகப் போட வேண்டியிருந்தது.

"எல்லாம் தப்புதானே டீச்சர்?"

"எல்லாம் தப்பு."

"அப்ப நான் பெயில்."

"பெயில்தான்மா."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கார்டுப் படத்தில் இருந்த அதே சிரிப்பு. சிலேட்டைத் திரும்ப வாங்கி, ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து, மற்ற சிலேட்டுகளோடு அடுக்கி வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மறுநாள் விடியும் முன்னே பெரட்டுத் திடலில் கங்காணி பெயர் கூப்பிடுவது என் அறைக்குக் கேட்டது. அவள் பெயரையும் கூப்பிட்டார். கங்காணி மறுபடியும் கூப்பிட்டார். இருக்கேங்கய்யா என்று அவளுக்குப் பதிலாக அவளுடைய அம்மாவின் குரல் சொன்னது.